அடிமட்டத்தைக் காதில் வைத்தவர்

காத்தான்குடியில் மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடையொன்றில் அவரைச் சந்தித்தேன். என்னைப் போலவே சின்னக் கடல்நீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்க வந்திருந்தார். தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் கருவி அது.

மெலிந்த மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட். கடைக்காரர் ஸ்கிம்மர்களை ஒவ்வொன்றாகக் கடைத் தொட்டியில் ஓடவிட, இவர் கோடு போடும் மர அடிமட்டத்தின் ஒரு நுனியைக் கண்ணாடியில் ஊன்றி, மறு நுனியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கல்லடிப் பாலத்தடியில் தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறு நுனியைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்களே, அதேபோல.

"சத்தம் பெரிசா இல்லையே அண்ணன். வீட்டில ஒருத்தருக்கும் கேக்காது," என்றேன்.

"வீட்டாக்களுக்கு இல்ல தம்பி, மீனுக்கு. நமக்குச் சத்தம் கூடினா எழும்பி வெளியில போகலாம். அது எங்க போற?"

கடைசியில் ஆகச் சிறியதை எடுத்தார். "அது நுரை குறைவாத்தான் எடுக்கும்," என்றார் கடைக்காரர்.

"ஓம், மிச்சத்துக்கு நான் தண்ணி மாத்துவன்," என்று சிரித்தபடி போனார்.

நான் பெரியதையே வாங்கினேன். என் தொட்டித் தண்ணீர் இப்போது பளிங்கு மாதிரி இருக்கிறது; எனக்கும் பரம திருப்தி. நேற்று சும்மா ஒரு அடிமட்டத்தை ஊன்றிக் கேட்டேன். நெல் ஆலைக்குள் நிற்பதுபோல் இரைந்தது. மீன் மெல்ல வந்து, அடிமட்டத்தின் நுனிக்கு நேரே நின்று, என்னைப் பார்த்தது.