பார்க்காமல் கழற்றியவர்

1. அடையாறு சிக்னலில் எங்கள் சின்ன கார் இரண்டு முறை அணைந்துபோனது.
2. ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டதாக ஸ்கேனர் காட்டியது.
3. நானே கழற்றப் பார்த்தேன். துருவில் இறுகியிருந்தது, ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகள் மழுங்கின.
4. அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் போக இந்த வண்டியைத்தான் நம்பியிருந்தோம்.

பிறகுதான் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். நரைத்த மீசை, சட்டைப் பையில் துரு தேய்க்க ஒரு பழைய டூத் பிரஷ். குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா, நட்ட பல்லால கடிச்சியா?”

“நான் மெக்கானிக்கல் இன்ஜினியர்ணா.”

“அதான் பாத்தேன்.”

இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்தார். சூடேறிய புகைக்குழாயிலிருந்த சென்சாரைக் குறடால் பிடித்தார். கொஞ்சம் தளர்த்துவார், உடனே கொஞ்சம் இறுக்குவார். உள்ளே திருகு மரை தேய்ந்துபோனால் குழாயையே மாற்ற வேண்டும். அது கிடைக்க ஒரு வாரமாகும். அக்காவின் பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குமா என்பது தெரியாது. அவரோ சென்சாரைப் பார்க்கவே இல்லை. தெருவில் போகும் தண்ணீர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பாத்து செய்ங்கண்ணா.”

“பாத்தா அவசரம் வந்துடும்மா. ரெண்டு பேருக்கும் சேத்து நீயே பாரு.”

கால் மணி நேரத்தில் சென்சார் அவர் கையில் இருந்தது. மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கை எதைக் கண்டு நின்றது, எதைக் கண்டு திரும்பியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போதைய நிலை: புது சென்சார் வேலை செய்கிறது. டேங்க் நிறைந்திருக்கிறது. அக்காவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல், ஜன்னல் வழியே தெருவைப் பார்க்க முயல்கிறேன்.