கையில் கற்பூரம், எதிரில் கேமரா

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பழுது பார்க்கத் தெரியும். ஊமையாகிப்போன ரேடியோவைப் பேசவைப்பார். நின்றுபோன கடிகாரத்தை ஓடவைப்பார். பால்பவுடர் டப்பாவையும் ஒரு பழைய கேமராவின் லென்சையும் வைத்து, படத்தைப் பெரிதாக்கும் கருவி ஒன்றைச் செய்தபோது தெருவே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போனது. தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. தறியில் உட்கார வேண்டிய பிள்ளை பேனா பிடித்ததில் மாமனாருக்குப் பெருமை. பேனாவை ஆபீசிலேயே விட்டுவிட்டு வீட்டில் கேமரா பிடித்ததில் மாமியாருக்கு அதைவிடப் பெருமை. அவர் எதைச் செய்தாலும் பெருமைப்பட அந்த வீட்டில் ஆள் இருந்தது.

ஆரணிப் பக்கத்திலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு, முதல் பொங்கலுக்கு அவர் கொடுத்த பரிசு ஒரு மணி. சைக்கிள் பெல்லின் கிண்ணத்தைக் கழற்றி, காந்தமும் கம்பியும் சுற்றி, பாட்டரியில் அடிக்கிற மாதிரி செய்து அடுப்படிச் சுவரில் மாட்டினார். அதற்கான பொத்தான் ஒன்று மாமியார் கட்டிலருகில், இன்னொன்று அவருடைய இருட்டறையில். கூப்பிட இனி யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான் வீட்டுக்கு விலக்காகிப் பின்கட்டுக் கொட்டகையில் உட்காரும் நாட்களுக்கென்று அங்கேயும் ஒரு மணி மாட்டினார். "பாத்தியாம்மா, எம்புள்ள மூளைய," என்று மாமியார் என்னிடமே சொல்லிப் பூரித்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

அந்த வீட்டில் தெருவாசலைத் தாண்டியதும் தறிக்கூடம். கூடத்தை ஒட்டி, வீட்டுக்குள் போகிற நடைவாசல் பக்கமாக, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. பட்டும் சரிகையும் அதில்தான் இருந்தன. வெளிச்சமே வராத அறை என்பதால் அதையே அவர் இருட்டறையாக்கிக்கொண்டார். கதவுக்குப் பதில் கறுப்புத் துணித் திரை. உள்ளே சிவப்பு பல்பு, மருந்துத் தட்டுகள். திரைக்கு இந்தப் பக்கம் மாமனார் தறிக்குழியில் கால் மிதித்துக்கொண்டிருப்பார்.

எந்தப் பத்திரிகையில் படித்தாரோ, திடீரென்று அவருக்குப் பழுப்பு நிறப் பைத்தியம் பிடித்தது. கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு மருந்தில் வெளுக்க வைத்து, சோடியம் சல்பைடு கரைத்த தண்ணீரில் போட்டால் படம் பழுப்பாகத் திரும்பி வரும். ராஜா காலத்துப் படம் போல இருக்கும், நூறு வருஷம் நிற்கும் என்றார். நூறு வருஷம் நின்றதோ இல்லையோ, நாற்றம் நாள் முழுக்க நின்றது. அழுகின முட்டை நாற்றம்.

எங்கள் வீடு சுத்த சைவம். மாமியார் நேரே அடுப்படிக்கு வந்து பானையைத் திறந்து பார்த்தாள்.

"முட்ட அவிச்சியா?"

"இல்ல அத்தே."

"ஆரணியில நீங்க எல்லாம் துன்றதுதானே."

என் வீட்டுக்காரர் திரைக்கு உள்ளேயிருந்து சிரித்தார். மருந்து நாற்றம் என்று சொல்ல அவருக்கு வாயா இல்லை? சாயங்காலம் மாமனார் கேட்டபோது, "சாக்கடைப்பா, மழ வருது போல," என்றார். தன் மருந்துக்கு யாராவது தடை போட்டுவிடுவார்களோ என்ற பயம். நான் அன்று தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பில் கை வைத்தேன். முட்டை அவிக்காதவளுக்கு முட்டைத் தீட்டு.

அந்த மருந்து கரைக்கிற நாட்களில் எனக்கு ஒரு வேலை உண்டு. மணி அடிக்கும். போனால், ஃபிலிம் சுருள்களையும் படம் அச்சிடும் காகிதப் பெட்டிகளையும் என் கையில் அடுக்குவார். மாடியில் என் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால், "இதுங்களுக்கு ஒத்துக்காது," என்பார். பிள்ளைகளைக் குளிருக்குப் போர்த்துகிற மாதிரி அப்படி ஒரு கவனம்.

ஆவணியில் ஒரு கல்யாணப் பட்டு தறியில் இருந்தது. ராஜவீதிக் கடை ஒன்றுக்காக நெய்தது. முகூர்த்தப் புடவை. கரையும் முந்தியும் கனத்த சரிகை. ஒரு காலையில் மாமனார் தறிக்கு மேல் மூடியிருந்த துணியை எடுத்தார். சரிகை கறுத்திருந்தது. பொன் மாதிரி மின்னியதெல்லாம் அடிப்பிடித்த பாத்திரம் போல இருந்தது. அறையில் கட்டைகளில் சுற்றியிருந்த சரிகையும் அப்படியே. அவர் குழியில் இறங்காமல் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தறி வீட்டில் பிறந்தவளுக்கு அடுத்து என்ன வரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. விலக்கானவள் தறிப் பக்கம் வந்தால் சரிகை கறுக்கும் என்பது எங்கள் ஜனத்தின் வேதவாக்கு. நான் கொட்டகையிலிருந்து குளித்து வீட்டுக்குள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"மொத நாளே ஆயிருப்பே. மறைச்சிக்கினு கூடத்துல நடந்திருக்கே," என்றாள் மாமியார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சரிகையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? பொம்பளைங்க சமாச்சாரம்," என்றார்.

கடைக்காரருக்கு மாமனார் அந்தக் காரணத்தையே சொன்னார். கடைக்காரரும் நெசவுக்காரர்தான், உடனே நம்பினார். வீட்டைப் புண்யாகம் செய்துவிட்டுத் தறியில் புதுப் பாவு நூல் பூட்டுங்கள் என்று சொல்லியனுப்பினார். எனக்கு மட்டும் வீட்டில் ஒரு நிபந்தனை. தறி முன்னால் நின்று கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஆரணிக்குப் பஸ் ஏற வேண்டும். சத்தியம் சொல்லிக் கையை மூடி அணைத்துவிட்டால் முடிந்தது. பொய் சொல்லாதவளுக்குச் சுடாது, கொப்புளம் வராது என்பார்கள். அணைக்கிற வேகத்தில் இருக்கிறது சூட்சுமம் என்று எங்கள் அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. தெருவாசல் வழியாக வெயில் சாய்வாகத் தறிக்கூடத்தில் விழுந்திருந்தது. என் உள்ளங்கையில் மாமியார் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தாள். "தீட்டோட நான் தறிகிட்ட வரலை, காமாட்சி சாட்சி," என்றேன். விரல்களை மடக்கப் போனேன்.

"இரு, அணைக்காதே," என்றார் என் வீட்டுக்காரர்.

கழுத்தில் கேமரா. ஒரு முறை சொடுக்கினார். கை ஆடிவிட்டது போல, உச்சுக்கொட்டினார். "அப்படியே இரு. ஃபிலிம் சுத்திக்கிறேன்."

நான் அப்படியே இருந்தேன். ஏன் இருந்தேன் என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அந்த மணிக்கு ஓடி ஓடிப் பழகிய உடம்பு, அவர் குரலுக்கும் நின்றுவிட்டது. அவர் ஃபிலிமைச் சுற்றி, தூரத்தைக் கண்ணால் அளந்து, லென்சைத் திருகி, மறுபடி சொடுக்கினார். பிறகுதான் நான் கையை மூடினேன். தோல் கற்பூரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் கை முழுக்கக் கொப்புளம். மாமியார் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெய்வம் பேசிடுச்சு," என்றாள். படத்துக்காக நிறுத்திவைத்தது அவள் கண்ணெதிரில்தான் நடந்தது. மாமனாரும் அங்கேதான் நின்றார். பாவம் செய்தவள் என்று என்னை விரட்டிவிடவில்லை, ஏனென்றால் சமைக்க ஆள் வேண்டும். ஆனால் அன்றிலிருந்து நான் தறிக்கூடத்தில் கால் வைக்கக் கூடாது. கூடம் இல்லாமல் தெருவாசல் ஏது? கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் பின்கட்டுச் சந்து வழிதான், சாணி வண்டி வருகிற வழி.

கைக்கட்டு அவிழ்வதற்குள் மணி அடித்தது. அந்தப் படத்தைப் பழுப்பாக்கி மெட்ராஸில் ஏதோ போட்டிக்கு அனுப்பப் போகிறாராம். கடையிலிருந்து புதுச் சரிகை இன்னும் வந்திருக்கவில்லை. கூடத்துக்குள் வராமல் நடைவாசலிலேயே நின்று, ஒற்றைக் கையால் ஃபிலிம் பெட்டிகளை வாங்கினேன்.

"இதுங்களுக்கு ஏன் ஒத்துக்காது?" என்றேன்.

"அந்தக் காத்துப் பட்டா ஃபிலிம் கெட்டுடும். வெள்ளி கலந்திருக்குது இல்ல?" என்றார், மருந்தைக் கலக்கிக்கொண்டே.

வெள்ளி. சரிகை என்பது என்ன, வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம். இது கைக்குழந்தைக்கும் தெரியும். நான் மாடிக்குப் போய் என் கால் மெட்டியைக் கழற்றி, இறங்கி வந்து, நடைவாசலிலிருந்தே கையை நீட்டித் திரைக்குக் கீழே தள்ளி வைத்தேன். காலையில் எடுத்தபோது மெட்டி கரிக்கட்டையாக இருந்தது.

அதை மாமனார் முன்னால் வைத்தேன். அவர் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். மகனை நிமிர்ந்து பார்த்தார். மகன், "அன்னிக்கே தெரியும்பா. சொன்னா மருந்தெல்லாம் தூக்கிக் கிணத்துல போட்டிருப்பே," என்றார், சாதாரணமாக.

வீடு புரளும் என்று நான் காத்திருந்தேன். மாமனார் மெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"மருந்துன்னு வெளிய தெரிஞ்சா எந்தக் கடைக்காரன்மா நம்ம வீட்டுக்குச் சரிகை குடுப்பான்? தீட்டுன்னா கழிச்சாச்சுன்னு சொல்லிக்கலாம். இப்படியே இருக்கட்டும். உனக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

மருந்துத் தட்டு கிணற்றடிக்குப் போனது. நான் சந்து வழியே போய் வந்தேன். படத்துக்குப் பரிசு கிடைத்தது. 'பக்தி' என்று பேர் வைத்திருந்தார். சட்டம் போட்டு, நான் நுழையக் கூடாத கூடத்தில் மாட்டினார்கள். நடைவாசலில் நின்று எட்டிப் பார்த்தால் என் முகத்தில் பாதிதான் தெரியும்.

தை மாதத்தில் ஒரு நாள் மணி அடித்தது. இரண்டு காபி கொண்டுபோய் நடையில் நின்றேன். கூடத்தில் ஒரு இளைஞர் படத்தின் முன்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். தோளில் புதுக் கேமரா. கடைக்காரரின் மகன், அவருக்கும் படம் எடுக்கும் கிறுக்கு. மாமனார் தறியில் இருந்தார்.

"என் வீட்டுக்காரிதான்," என்று என்னைக் காட்டினார் இவர். "கையக் காட்டு."

நான் வடுவைக் காட்டினேன். அந்தப் பிள்ளை முகம் சுளித்துக்கொண்டது. நல்ல பிள்ளை. அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"நீங்களும் படத்தைப் பழுப்பாக்குவீங்களாப்பா?"

"செய்வேம்மா."

"அந்த மருந்தை வீட்ல எங்க வெச்சுக்குவீங்க?"

"வீட்ல எங்க வெக்கிறது? மொட்டை மாடிதான். ஒரு வாட்டி கூடத்துல வெச்சு என் தங்கச்சி கொலுசு மொத்தமும் கறுத்துப் போச்சு. எங்கப்பா அடிக்காத கொறை."

சொல்லி முடிப்பதற்குள் அவர் பார்வை தறிக்குப் போனது. அங்கிருந்து கறுப்புத் திரைக்கு, பிறகு என் கைக்கு. தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றுவிட்டது. காபியைக் குடிக்காமலே அந்தப் பிள்ளை போய்விட்டார்.

அந்த வாரமே கடை ஆட்கள் வந்து சரிகையையும் பாவு நூலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். செய்தி மற்ற கடைகளுக்கும் போய்விட்டது. தறி வெறும் மரச்சட்டமாக நின்றது. மாமனார் இந்த வயதில் அடுத்தவர் வீட்டுத் தறியில் உட்கார இடம் கேட்டு அலைந்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சாமி சத்தியமாக இல்லை.

மணி அடித்தது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இதுவரை என்னிடம் பேசாத குரலில் பேசினாள்.

"நீ கடைக்காரர் வூட்டுக்குப் போம்மா. மருந்தெல்லாம் இல்ல, என் தீட்டுதான்னு ஒரு வார்த்த சொல்லு. நம்பலைன்னா கற்பூரம் ஏத்திச் சொல்லு. குடும்பம் பொழச்சிக்கும்."

"ஏத்தறேன் அத்தே. கேமராவுல ஃபிலிம் இருக்குதான்னு உங்க புள்ளையக் கேட்டுக்குங்க," என்றேன்.

அடுப்பை அணைத்தேன். தகரப் பெட்டியைத் திறந்து அவருடைய ஃபிலிம் சுருள்களை வெளியே கொட்டிவிட்டு, என் புடவைகளை அதில் வைத்தேன். கூடத்துக்குள் இறங்கி, தறியைத் தாண்டி, தெருவாசல் வழியாக வெளியே வந்தேன். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது.