ஈ செக்ஷன்

போன வாரம் காளவாசலில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வாசல் ஓரத்து ஜெனரேட்டரை யாரோ முடுக்கினார்கள். முதலில் ஒரு இருமல், அப்புறம் டடடடவென்று சத்தம், அதன் பின்னாலேயே டீசல் புகை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் கையில் ஒரு ஜாக்கெட் பிட்டோடு அப்படியே நின்றேன். பள்ளிக்கூடம் என்றால் உங்களுக்கு சாக்பீஸ் வாடையோ புதுப் புத்தக வாடையோ ஞாபகம் வரலாம். எனக்கு டீசல்தான்.

பி.எட். முடித்த கையோடு கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் சேலை, செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டி, நாட்டைத் திருத்தப் போகிற முகம். அந்தக் காலத்துப் போட்டோவை இப்போது பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எட்டாம் வகுப்பில் ஐந்து செக்ஷன்கள். ஏ, பி, சி, டி நான்கும் முன் கட்டடத்தில், ஸ்மார்ட் போர்டோடு. ஈ செக்ஷன் மட்டும் பின்னால், ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டிய அறையில். கரண்ட் போனால் முன் கட்டடத்துக்கு ஃபேன் ஓடும், எங்களுக்குப் புகை வரும்.

சட்டப்படி இலவசமாகச் சேர்த்துக்கொண்ட பிள்ளைகள்தான் ஈ செக்ஷன். ஒன்றாம் வகுப்பில் குலுக்கலில் பெயர் விழுந்து வந்தவர்கள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், டைலர், பூக்கட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். இருபத்திமூன்று பேர். அதே யூனிஃபார்ம், அதே டை, அதே புத்தகம். பிரித்து வைத்திருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் கூடுதல் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகள் என்றுதான் ஸ்டாஃப் மீட்டிங்கில் பேச்சு. அந்தக் கூடுதல் கவனத்துக்குத்தான் ஒரு வருஷ அனுபவம்கூட இல்லாத என்னைப் போட்டிருந்தார்கள். ஈ செக்ஷன் வரிசையாகத் தண்ணீர் குடிக்கப் போனால் முன் கட்டடத்துப் பையன்கள் வாயை மூடிக்கொண்டு மூக்காலே ‘ங்ங்ங்’ என்று ரீங்காரம் போடுவார்கள். ஈ மொய்க்கிறதாம். எழுத்து எழுத்தாகப் பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் ரெஹானா உட்கார்ந்திருப்பாள். மஹால் பக்கத்தில் வீடு. அவள் அத்தா, அதாவது அப்பாதான், நான் சொன்ன லோடு ஆட்டோக்காரர். பக்கத்தில் அவள் கூட்டாளி மாரி. இரண்டு பேருக்கும் ஒரே ஜாமெட்ரி பாக்ஸ். ரெஹானா கை தூக்கினால் எனக்குப் பயம் வரும். புத்தகத்தில் இல்லாததைத்தான் கேட்பாள்.

ஒருநாள் நானும் புத்தகத்தை விட்டு வெளியே போனேன். பி.எட்.டில் அமெரிக்கக் கல்வி வரலாறு பற்றி நான் எழுதிய அசைன்மென்ட்டுக்கு நல்ல மார்க். அதை யாரிடமாவது ஒப்பிக்காவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறொன்று. தனித்தனி, ஆனால் சமம் என்று சட்டமே சொன்னது. பக்கத்திலேயே பள்ளி இருந்தும் ஒரு சின்னப் பெண் தினமும் அதைத் தாண்டித் தூரத்துப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அவள் அப்பாவும் வேறு பெற்றோர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். தனியாகப் பிரித்து வைத்தாலே அது சமம் ஆகாது என்று பெரிய கோர்ட் கடைசியில் தீர்ப்புச் சொன்னது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கு ரொம்பப் பெருமை.

ரெஹானா கை தூக்கினாள்.

“கோர்ட்டு சொன்னப்புறம் ஒண்ணா உக்கார வச்சாங்களா மிஸ்?”

வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள், ஆனால் வைத்தார்கள் என்றேன். வசதியானவர்கள் வேறு ஏரியாவுக்குக் குடிபோய்விட்டதும், பல ஊர்களில் பிள்ளைகள் இன்னமும் தனித்தனியாகவே படிப்பதும் நான் ரொம்பப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. என் அசைன்மென்ட் தீர்ப்போடு முடிந்திருந்தது.

“அப்ப நாங்க ஏன் மிஸ் இங்க இருக்கோம்?”

கேட்டவள் முகத்தில் கோபமோ குறும்போ இல்லை. கணக்கில் ஒரு ஸ்டெப் புரியாமல் கேட்கிற மாதிரி கேட்டாள். இருபத்திமூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. புகை வருது, ஜன்னலைச் சாத்துங்க என்று சைகை காட்டினேன். அந்த ஜெனரேட்டருக்கு நான் அன்றைக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். இதை உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை அந்த அம்மா. காபி வரவழைத்துக் கொடுத்து, நான் பேசியது முழுவதையும் கேட்டார். எல்லாரையும் கலந்து உட்கார வைத்தால் ஃபீஸ் கட்டுகிற பெற்றோர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த தெருப் பள்ளிக்குப் போய்விடுவார்கள், அப்புறம் இந்தப் பிள்ளைகளுக்கும் பள்ளி இருக்காது என்றார். நான் எழுந்திருக்கப் போகும்போதுதான், “ஒரு பிள்ளைய வேணா ஏ செக்ஷனுக்கு மாத்திப் பாப்போம். யாருன்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

நான் ரெஹானா பெயரைச் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாட்டு. பெரிய கோர்ட் தீர்ப்பே என் கையால் எழுதின மாதிரி ஒரு மிதப்பு. மீதி இருபத்திரண்டு பேர் அங்கேயே இருக்கிறார்கள் என்பது மறுநாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்தபோதுதான் உறைத்தது. மாரி ஜாமெட்ரி பாக்ஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அது ரெஹானாவுடையது.

ஏ செக்ஷனில் முதல் வாரம் ரெஹானாவுக்குக் கால் தரையில் இல்லை. ஸ்மார்ட் போர்டில் கண்டங்கள் நகர்வதைப் பற்றி என்னை வராண்டாவில் நிறுத்திச் சொன்னாள். அடுத்த வாரம் சொல்லவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு பிராஜெக்ட், ஒருத்தி வீட்டில் கூடிச் செய்ய வேண்டும். எந்த வீடு என்று இவளிடம் யாரும் சொல்லவில்லை. பெற்றோர்களின் வாட்ஸப் குரூப்பில், வகுப்பின் ஸ்டாண்டர்ட் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் கைகூப்பினார்கள். மதியம் மாரியோடு சாப்பிடலாம் என்று பின்கட்டுக்கு வந்தால், “ஒனக்குத்தான் அங்க இடம் குடுத்துட்டாங்கள்ல” என்று மாரி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டாள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் கைகழுவும் குழாய் இருந்தது. கொஞ்சநாள் ரெஹானா அங்கே நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

ஒரு மாசம் கழித்து எங்கள் இருவரையும் பிரின்சிபால் கூப்பிட்டார். ஏ செக்ஷன் பிடித்திருக்கிறதா என்று ரெஹானாவிடம் அன்பாகத்தான் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சநேரம் காத்திருந்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் வேலை இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. நான் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கு ஈ-யே போதும் மிஸ்,” என்றாள்.

அப்புறம் அவள் வகுப்பில் கை தூக்கவில்லை. முதல் பெஞ்சில் மாரிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்; ஜாமெட்ரி பாக்ஸும் நடுவில் இருந்தது; இருவரும் தேவைக்குத்தான் பேசிக்கொண்டார்கள். நான் பாடத்தைப் புத்தகத்தில் இருந்தபடியே நடத்தினேன்.

சட்டத்தின் இலவசம் எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதில் உட்கார வேண்டுமென்றால் மற்றவர்களைப் போல ஃபீஸ் கட்ட வேண்டும். அந்த ஏப்ரலில் ஈ செக்ஷன் மொத்தத்துக்கும் டி.சி. எழுத வேண்டி வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்த வேலையை எனக்கே கொடுத்தார்கள். விலகுவதற்கான காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று ஆபீசில் கேட்டேன். ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்றார்கள். இருபத்திமூன்று தடவை அதை அழகாக எழுதினேன்.

ரெஹானாவின் அம்மா சபுராதான் வந்து வாங்கினார். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “நாங்க எப்ப டீச்சர் கேட்டோம்?” என்றார்.

அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்று நான் சொன்னேன். அவர் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “வாரேன் டீச்சர்” என்று போனார். அடுத்த வருஷம் என்னைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். இரண்டு வருஷத்தில் சர்வீஸ் கமிஷன் பரீட்சை பாஸாகித் தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் உட்கார்ந்துவிட்டேன். ஃபைலுக்குக் கை தூக்கத் தெரியாது.

போன மாதம் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டர். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த அவஸ்தை பட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு முன்னால் பதினைந்து பேராவது இருப்பார்கள். இங்கிலீஷில் டோக்கன் கூப்பிடுகிற குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. நான் நிமிர்வதற்குள் அவளே வந்துவிட்டாள்.

“மிஸ், ரெஹானா.”

கோட் மாதிரி ஒரு யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. கார்ப்பரேஷன் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தாளாம். காலேஜுக்கு அனுப்ப முடியவில்லையாம். இங்கிலீஷ் பேசுவாள் என்று இங்கே எடுத்துக்கொண்டார்களாம். “நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மிஸ்” என்று சிரித்தாள். மாரி எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். என் டோக்கனை வாங்கிப் பார்த்துவிட்டு, “நீங்க ஏன் மிஸ் இம்புட்டு நேரம் உக்காரணும், உள்ள வாங்க” என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

கதவுப் பக்கத்தில் மெலிந்த பெரியவர் ஒருத்தர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பாப்பா, எனக்குப் பதினொண்ணு. இவங்களுக்கு எம்புட்டு?” என்று கேட்டார்.

ரெஹானா நிற்கக்கூட இல்லை. “அவங்க வேற லைன் ஐயா, உக்காருங்க.”

குரலில் கோபமில்லை, குறும்பில்லை. இது இப்படித்தான் என்று தெரிந்த குரல். அந்தப் பெரியவர் உட்கார்ந்தார். வேண்டாம், என் நம்பர் வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

வெளியே வந்து அந்தப் பள்ளி வழியாகத்தான் வண்டியை ஓட்டினேன். சுற்றுச்சுவருக்கு மேலே நீலத் தகரக் கூரை தெரிந்தது. கேட்டில் நிறுத்தி வாட்ச்மேனிடம் விசாரித்தேன். பின்கட்டு அறைகளை இடித்துவிட்டு ஸ்கேட்டிங் மைதானம் போட்டிருக்கிறார்களாம். ஈ செக்ஷன் என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் அந்த இருபத்திமூன்று பெயர்களையும் எழுதிப் பார்த்தேன். ஒன்பதுக்கு மேல் வரவில்லை.