ஒரு வசனம் முன்னால்

"கடைசியா எந்தப் படத்துக்கு அழுதீங்க?"

துணி துவைக்கும் மெஷினுக்குள் தலையை விட்டபடிதான் இதைக் கேட்பார். மெஷினுக்கு என்ன கோளாறு என்பதெல்லாம் அவருக்கு இரண்டாவது கேள்வி. தண்ணீர் வடியாமல் சமையலறை குளமாகி, எரிச்சலோடு நிற்கும் வீட்டுக்காரம்மாவும் ஒரு நிமிஷம் யோசித்து ஏதாவது ஒரு படத்தின் பேரைச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். பெல்ட் மாறும், குழாய் சுத்தமாகும், கூடவே அந்தப் படம் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டப்படும். கிளம்பும்போது ஒரு துண்டுத்தாளில் மூன்று படங்களின் பேரை எழுதிக் கொடுப்பார். "மொதப் படத்தை எல்லாரும் சேர்ந்து பாருங்க. ரெண்டாவதைத் தனியாப் பாருங்க. மூணாவதைப் பார்த்துட்டு எனக்கு போன் பண்ணியே ஆகணும், ஆமா!" பண்ணுகிறார்கள். மெஷின் ஓடுகிறதா என்று அவர் விசாரிப்பதே இல்லை. "அந்த மாடிப்படி சீன் எப்படி?" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக். முன்கை முடியில் எப்போதும் கொஞ்சம் சோப்புத்தூள். சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், எந்த வீட்டு மெஷினிலிருந்தோ எடுத்த ஹேர்பின் இரண்டு. கூட்டாளிகள் அவருக்கு வைத்த பேர் டயலாக். காரணம் இருக்கிறது. நான்கைந்து தடவை பார்த்து மனசுக்குள் உட்கார்ந்துவிட்ட படம் என்றால், திரையில் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த வசனம் இவர் வாயிலிருந்து வந்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, பாவம். தும்மலைப் போல வருகிறது. "இந்த வீட்ல எனக்கு எல்லாப் படமும் ரெண்டு தடவை கேட்டுடும்" என்பார் அவர் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இவர் வீட்டு முன்னறையில் ஆறு பேர் கூடுகிறார்கள். வாரம் ஒருவர் தனக்குப் பிடித்த படத்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கொண்டுவருபவர் படத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசலாம். அந்தச் சட்டம் வந்ததே இவரால்தான். ஒரு தடவை முக்கால் மணி நேரம் புகழ்ந்துவிட்டுப் படத்தைப் போட, "நீங்க சொன்ன படமே இதைவிட நல்லாருந்துச்சே" என்று அந்த ஆறு பேரில் ஒருவரான பல் டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

எழுதாத ஏற்பாடு ஒன்றும் உண்டு. சோபாவில் டயலாக்குக்கு இடப்பக்கம் உட்காருவது எப்போதும் பஸ் டிரைவர். ஆள் ஆஜானுபாகு, பேச்சு கம்மி. டயலாக்கின் வாயிலிருந்து வசனம் முந்திக்கொண்டு வந்தால் விலாவில் முழங்கையால் ஒன்று விடுவது அவர் பொறுப்பு. "ஐயோ!" என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் பத்து நிமிஷம் நிம்மதி.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் டயலாக் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

அன்று டிரைவரின் முறை. படத்தின் டிவிடி தட்டை ஒரு துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தன் ஒரு வாக்கியத்தை நின்றுகொண்டே சொன்னார்: "இதைப் பதினோரு தடவை பார்த்திருக்கேன், இதுவரைக்கும் யாருக்கும் காட்டினதில்லை."

ஆற்றுப் பாலம் ஒன்றைத் தூக்கி இறக்கும் வேலைக்காரரைப் பற்றிய படம். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவார், போனால் இறக்குவார். முதல் ஒரு மணி நேரம் அதேதான். அன்று காலையில் இரண்டு மெஷின்களை நாலாவது மாடிக்கு ஏற்றியிருந்த டயலாக்குக்குப் பாலம் மூன்றாவது தடவை இறங்கும்போது கண்ணும் இறங்கிவிட்டது. படமோ அதிகம் சத்தமில்லாத படம். இவர் குறட்டைதான் பின்னணி இசை.

தூங்கியதை டிரைவர் மன்னித்திருப்பார். விளக்கைப் போட்டதும் டயலாக் திடுக்கென்று எழுந்து கைதட்டி, "க்ளைமாக்ஸ் ஃபைட்டு பின்னிட்டாங்கய்யா!" என்றார் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்தப் படத்தில் சண்டையே கிடையாது. யாரும் குரலை உயர்த்திப் பேசுவதுகூடக் கிடையாது. டிரைவர் தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான், ஆறு வாரமாகத் தலை காட்டவில்லை. போனையும் எடுக்கவில்லை.

டயலாக்குக்கு மனசு உறுத்தியது. அந்தப் படத்தை எங்கெங்கோ தேடிப் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேனில் உட்கார்ந்து போனில் பார்த்தார். முதல் தடவை மறுபடியும் தூங்கினார். இரண்டாம் தடவை விழித்திருந்தார். மூன்றாம் தடவை சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்து அழுதார். அதன் பிறகு எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாது. ஆனால் சண்டைக்காட்சியைப் பாராட்டிய வாய் இனி எதைச் சொன்னால்தான் அந்த மனுஷன் நம்புவார்? ஞாயிற்றுக்கிழமைகளில் டயலாக்கின் வசனங்கள் தங்கு தடையில்லாமல் ஓடின. விலா சும்மா இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஏழாவது ஞாயிறு காலையில் டிரைவரின் மனைவி கூப்பிட்டார். "அண்ணே, மெஷின்ல தண்ணி வடிய மாட்டேங்குது. அதைவிட இந்த மனுஷன் தொல்லை பெருசா இருக்கு. ஞாயித்துக்கிழமையானா சும்மா சும்மா எல்லார்மேலயும் எரிஞ்சு விழறாரு. வந்து ரெண்டையும் சரி பண்ணிட்டுப் போங்க."

மெஷின் பத்தே நிமிஷ வேலை. வடிகட்டியில் டிரைவரின் சீருடைப் பித்தான் ஒன்று சிக்கியிருந்தது. அதைத் துடைத்துக் கொண்டுபோய் டிரைவருக்கு முன்னால் மேஜைமேல் வைத்தார். டிரைவர் நிமிரவில்லை.

"அந்தப் பாலம் படத்தைப் போடுய்யா. பார்க்கணும்."

"எதுக்கு? தலகாணி வேணுமா?"

"நான் பார்த்துட்டேன்யா. நெஜமா."

"யாராவது கதையைச் சொல்லிருப்பாங்க. ஃபைட்டு இல்லன்னு இப்ப தெரிஞ்சிருக்கும்."

"அட, போடுங்களேன்" என்று அதட்டிவிட்டு மனைவி தானே தட்டை எடுத்துப் போட்டார்.

டயலாக் சோபாவைத் தொடவில்லை. சாய்வதற்கு முதுகில்லாத முக்காலியைத் தேடி எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்று சபதம். டிரைவர் அறையின் அந்தக் கோடியில் ஒரு நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு. பாலம் எழுந்தது, இறங்கியது. வசனம் நாக்கு நுனிவரை வரும்போதெல்லாம் டயலாக் உதட்டைக் கடித்து விழுங்கினார். இரண்டு மணி நேரம் இப்படியே தாக்குப்பிடித்தார், பெரிய விஷயம்தான்.

கடைசிக் காட்சி. வழக்கமாக வரும் படகுக்காரி அண்ணாந்து, "இன்னைக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்கிறாள். பாலக்காரர் தொப்பியைக் கழற்றுகிறார்.

"பாலம் இன்னைக்குக் கனமா இருந்துச்சு" என்றது முக்காலி.

தொலைந்தோம் என்று டயலாக் நாக்கைக் கடித்துக்கொண்டார். திரையில் பாலக்காரர் அதையே சொல்லி முடித்தார்.

நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே டிரைவர் அதை இழுத்துக்கொண்டு வந்து, முக்காலிக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். கட்டியிருந்த கையைப் பிரித்து, டயலாக்கின் விலாவில் முழங்கையால் நச்சென்று ஒன்று விட்டார்.