ஒரு குறையும் இல்லை

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இடுக்கி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்து எனக்கு அதிக நாளாகவில்லை. நான் கொழுந்து எடுக்கப் போவேன். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் கண் மஞ்சளானது. மஞ்சக்காமாலை என்றால் எங்கள் சனத்துக்குப் பெரிய பயம் கிடையாது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்து, உப்பு புளி இல்லாமல் பத்தியம் இருந்தால் போய்விடும். எனக்கும் போனது. கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. மறுபடி போய் மறுபடி வந்தது. மூட்டெல்லாம் வலி, சோற்றைக் கண்டால் குமட்டல், வெறும் கூடையே கல் மாதிரி கனத்தது. தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டர், இது இங்கே வைத்துப் பார்க்கிற சீக்கு இல்லை என்று சொல்லி மலைக்குக் கீழே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே விலாவில் ஊசியை இறக்கி ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் கெட்டிருக்கிறது என்று தெரிந்தது. இதைக் கேட்டு எங்கள் லயமே சிரித்தது. குடிக்கிறது அவன், ஈரல் போனது இவளுக்கா என்று கேலி. இவளே ரகசியமாக ஊற்றிக்கொள்கிறாளோ என்று ஒருத்தி குழாயடியில் சொன்னதும் என் காதுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் வெட்கத்தில் கொஞ்ச நாள் சாராயக்கடைப் பக்கமே போகவில்லை. அந்தச் சீக்கால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

ஆஸ்பத்திரி டாக்டர் மலையாளி. நல்ல மனுஷர், ஆனால் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கும், அவருக்குப் பேச நேரம் இருக்காது. என் சீக்கை ஒரே வரியில் சொன்னார்: "வேலி தன்னே விளவு தின்னால் எந்து செய்யும்?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. வேலியே பயிரை மேய்கிற கதை! உடம்பைக் காக்க உள்ளே இருக்கிற காவலே என் ஈரலைத் தின்கிறது. கிருமியும் இல்லை, குடியும் இல்லை, யார் விட்ட சாபமும் இல்லை. வேலியை அடக்கத்தான் மாத்திரை. அவரிடம் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது. எல்லாம் புரிந்தது. மலையாளம் இவ்வளவுதானா, நம்ம தமிழை மூக்கால் பேசினால் ஆயிற்று என்று எனக்கு ஒரு மிதப்பும் வந்துவிட்டது. அந்த மிதப்புதான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

மாதா மாதம் பஸ் பிடித்துக் கீழே போவேன். டாக்டர் என் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: "குறவுண்டோ?" குறை உண்டா என்று கேட்கிறார், எவ்வளவு தன்மையான மனுஷர் என்று நினைத்துக்கொள்வேன். வைத்தியம் பார்க்கிற பெரியவரிடம் குறை சொல்வது எங்கள் ஊரில் மரியாதையா? பந்தியில் உப்பில்லாமல் இருந்தாலும் "ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்போம். அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "ஒரு கொறயும் இல்ல சார்" என்பேன். அவர் நெற்றியைச் சுருக்குவார், மாத்திரையைக் கூட்டி எழுதுவார். ரத்தம் எடுத்து வெளியே அனுப்பிய பரிசோதனை முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் என் வாய்ச்சொல்தான் அவருக்கு ஆதாரம்.

உண்மையில் மஞ்சள் எப்போதோ இறங்கிவிட்டது. பசி திரும்பிவிட்டது. ஆனால் மாத்திரை கூடக் கூட முகம் உப்பிக் கண்ணே உள்ளே போனது. ராத்திரி தூக்கமே இல்லை. தொடையில் பலம் போய், சரிவில் ஏற முடியாமல் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் குறை சொன்னதாகாதா? வாயைத் திறக்கவே இல்லை.

என் மாமியார் கெட்டவர் இல்லை. நான் படுத்திருந்த நாளெல்லாம் என் துணியைத் துவைத்துப் போட்டவர். ஒருநாள் என் முகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழுதுவிட்டார். "ஏட்டி, மூஞ்சி பூசணிக்கா மாதிரில்லா ஆயிட்டு! ஆளைக் கொல்லுத மாத்திரை எதுக்குட்டி? தூக்கி ஆத்துல போடு."

கம்பத்துப் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரைப் பார்த்துப் பேசியும் வைத்திருந்தார். அந்த வைத்தியர் போட்ட நிபந்தனை ஒன்றுதான், இங்கிலீஷ் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு வர வேண்டும். வீட்டுக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கும் அலுத்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை கீழே போய், டாக்டரிடம் கும்பிடு போட்டுச் சொல்லிவிட்டு வந்துவிடுவது, வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு எப்போதும் இடம் பிடித்து வைக்கிற ஒரு சேச்சி உண்டு. முண்டக்கயத்துப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்காரி. எனக்கு இருக்கிற அதே சீக்கு, அதே மாத்திரை. எங்களுக்குள் பேச்சைவிடச் சிரிப்புதான் அதிகம். அன்றைக்கு அவள் எனக்கு முன்னால் உள்ளே போனாள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"குறவுண்டோ?"

"உண்டு டாக்டரே, நல்ல குறவுண்டு!"

பாவம், நிறையக் குறை போலிருக்கிறது, அதை இவ்வளவு தைரியமாகச் சொல்கிறாளே என்று நினைத்தேன். வெளியே வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டாராம். அப்போதுதான் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். என்னைப் போல உப்பியிருந்த முகம் வடிந்து, கன்ன எலும்பு தெரிந்தது.

எனக்குத் தலை சுற்றியது. இது என்ன நியாயம்? நல்ல குறை இருக்கிறது என்றவளுக்கு மாத்திரையைக் குறைக்கிறார், ஒரு குறையும் இல்லை என்கிற எனக்குக் கூட்டிக்கொண்டே போகிறார்! அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். நான் என்ன கேட்கிறேன் என்று விளங்க அவளுக்கும் நேரம் பிடித்தது. விளங்கியதும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"தீனம் இத்ரேம் உண்டாயிருந்நு." பிறகு கையை முழங்கால் வரைக்கும் இறக்கினாள். "இப்போ இத்ரேயுள்ளூ. அதா குறவு."

சீக்கு குறைந்திருக்கிறதா என்றுதான் அந்த மனுஷர் மாதா மாதம் கேட்டிருக்கிறார். நானும் மாதா மாதம், பணிவாக, கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம்கூடக் குறையவில்லை என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரையை நிறுத்தப்போகிற சங்கதியையும் சேச்சியிடம் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுபோனது. யாரோ சொன்னதைக் கேட்டு அவளும் ஒருதடவை சட்டென்று நிறுத்தியிருக்கிறாள். நினைவில்லாமல் ஜீப்பில் போட்டுத்தான் கொண்டுவந்தார்களாம். "மோளே, வேண்டா" என்று என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை.

என் முறை வந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். குறையானாலும் சரி, மரியாதை போனாலும் சரி, இன்றைக்கு முழுசாகப் பேசாமல் வெளியே வருவதில்லை என்று இருந்தது எனக்கு. டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன்.

"சார், குறவு உண்டு! நல்ல குறவு உண்டு! ஆனா கொறயும் நெறைய இருக்கு சார்!"

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார், சேச்சியைப் பார்த்தார். சேச்சி மூச்சுவிடாமல் மலையாளத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "ஞான் சரியா கேட்டில்லா" என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். எவ்வளவு பெரிய டாக்டர், என்னிடம் அப்படிச் சொன்னதில் எனக்கு அழுகையாக வந்தது. அன்றைக்கு என்னைத் திருப்பி அனுப்பாமல் படுக்கவைத்து, ரத்த முடிவு கைக்கு வரும்வரை வைத்திருந்து பார்த்தார். மாத்திரையைக் குறைக்கலாம், ஆனால் படி இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத்தான், குதித்தால் ஆளே போய்விடும் என்றார். அதற்குப் பிறகு என்னிடம் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்கவே மாட்டார். கண், வயிறு, முட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டித்தான் கேட்பார்.

வீட்டுக்கு வந்து மாமியார் முன்னால் சேச்சி காட்டிய மாதிரியே கையை உயர்த்திக் காட்டி இறக்கிக் காட்டினேன். கம்பத்துக்கு வரமாட்டேன், மாத்திரையை விடமாட்டேன், இது என் உடம்பு என்று சொன்னேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முகம் வடிய ஆரம்பித்ததும், காலையில் காப்பியை நீட்டிக்கொண்டே, "ஏட்டி, கொறவு உண்டா?" என்று கேட்டார் பாருங்கள், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதன்பின் நானும் சேச்சியும் ஒரே நாளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர் சொல்வதை அவள் எனக்குச் சொல்வாள். எனக்குச் சோர்வு வந்து மாத்திரையை வெறுக்கிற நாளில் என்னைத் திட்டுவாள், அவளுக்கு வந்தால் நான் திட்டுவேன். தோட்டங்களிலிருந்து புதிதாக வருகிற தமிழ்ப் பெண்களை நானே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளே அவர் என்ன கேட்பார், எதற்கு என்ன பதில் என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

என் வேலி இன்னும் திருந்தவில்லை. கொஞ்சம் கண் அசந்தால் மேயத்தான் பார்க்கும், நானும் அசருவதாக இல்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது என்னிடம் கையைக் கட்டிக்கொண்டு "ஒரு குறையும் இல்லை" என்று சொன்னால், நான் அதை அப்படியே நம்பிவிடாமல், பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணிலிருந்து கால்வரை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்துவிடுகிறேன்.