தானாக விழித்த கணினியும் என் மச்சானும்

கருவாடு ஏற்றிய லொறி கடை வாசலில் திரும்பும்போதெல்லாம் எங்கள் கணினி தானாக விழித்துக்கொள்ளும். யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். கறுத்துக் கிடந்த திரையில் திடீரென்று வெளிச்சம் வரும், பெட்டிக்குள் காற்றாடி உறுமத் தொடங்கும். மூலையில் இருந்து கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருக்கும் பெண்கள், "யா அல்லாஹ், ஜின் வந்துட்டு" என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். வாப்பா சிரிக்க மாட்டார். கணினியை ஒரு பார்வையும் என்னை ஒரு பார்வையும் பார்ப்பார். இரண்டுமே ஒரே விதமான பார்வைதான்.

யுத்தம் முடிந்து கடல் திறந்துவிட்ட காலம் அது. கற்பிட்டிப் பக்கத்தில் மீன் குவிந்தது. கண்டக்குழியில் வள்ளம் இழுத்த இடங்களில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்க அறைகள் எழும்பின. வாப்பாவின் கருவாட்டுக் கடைக்குக் கொழும்பிலிருந்து புதுப்புது ஆட்கள் தொலைபேசி எடுத்து, விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். புத்தளத்தில் கணினி படித்துவிட்டு வந்திருந்த நான் நச்சரித்து நச்சரித்துத்தான் அந்தக் கணினியை வாங்க வைத்தேன். கடையில் அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாப்பாவின் மரக் கதிரைக்குப் பக்கத்திலேயே அதற்கு மேசை போட்டேன். வாப்பாவுக்குப் பிறகு அந்தக் கதிரை எனக்குத்தான் என்பதில் எனக்கு அப்போது துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கைக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே மச்சான் ஒரு பெட்டியோடும் மோட்டார் சைக்கிளோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நல்ல உயரம், நல்ல குரல், கட்டாரில் ஒரு கொம்பனியில் சில காலம் வேலை பார்த்தவர். கடைக்கு வருகிறவர்களுடைய பெயர், பிள்ளைகளின் பெயர், என்ன வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறார்கள் என்பதெல்லாம் வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நான் தேடாமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

உம்மா பாரை மீன் ஆக்கினால் தலைத்துண்டு எனக்குத்தான் வரும். மச்சான் வந்த முதல் வாரமே அது அவருடைய பீங்கானுக்குப் போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வாப்பாவின் பேச்சு. "மருமகன், நீங்க கொஞ்சம் இதப் பாருங்களே" என்று அவரை அழைக்கும் அதே வாய், "டேய், இங்க வா" என்று என்னை அழைக்கும். மருமகனுக்கு மரியாதை கொடுப்பதும் மகனை அதட்டுவதும் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வயிறு எரிந்தது.

வாப்பா ஹஜ்ஜுக்குப் போக எண்ணம் வைத்திருந்தார். போய்வரும் வரைக்கும் கடையை யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும், அந்தக் கதிரையில் ஒருவர் உட்கார வேண்டும். அவர் யாரை உட்கார வைக்கிறாரோ அவர்தான் நாளைக்கும் உட்காருவார் என்று ஊரே எடுத்துக்கொள்ளும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கணினி தானாக விழிக்கும் சங்கதி அந்த நேரத்தில் எனக்கு ஒரு பரீட்சையாகவே ஆகிவிட்டது. "வாங்கித் தந்த மிசினயே ஒழுங்காத் தூங்க வைக்கத் தெரியல்ல, இவன் எப்பிடிக் கடையப் பாக்கிற?" என்று வாப்பா ஒருநாள் மச்சானிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மச்சான் என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை. சிரித்தது மட்டும் கேட்டது.

நான் ஒவ்வொன்றாகத் தேடினேன். எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தூங்க வேண்டும் என்ற கணக்கை மாற்றிப் பார்த்தேன். இணைய வயரைக் கழற்றிப் பார்த்தேன், அதன் வழியாக யாராவது எழுப்புகிறார்களோ என்று. தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள எழும்பாதே என்று அதற்குக் கட்டளை போட்டேன். பெட்டியின் பக்கத்தைத் திறந்து, உப்புக் காற்றில் பிசுபிசுத்துப் போயிருந்த தூசியைப் பழைய தூரிகையால் துடைத்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில்தான், உன்னைக் கடைசியாக எழுப்பியது எது என்று கணினியிடமே கேட்கலாம் என்பது ஞாபகம் வந்தது. கேட்டேன். மவுஸ் என்றது.

யாரும் தொடாத மவுஸ் எப்படி எழுப்பும்? கணினியைத் தூங்க வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். லொறி வந்தது. தரை அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது, மவுஸ் ஒரு மயிரிழை நகர்ந்தது. திரையில் வெளிச்சம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கணினியை எழுப்பும் உரிமையை மவுஸிடமிருந்து பறித்தேன். அமைப்புகளுக்குள் ஓர் இடத்தில் ஒரு சரியடையாளத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த லொறி வந்தது, போனது, கணினி அசையவில்லை. வாப்பாவிடம் ஓடினேன். அவர் மச்சானோடு சாக்குகளை நிறுத்துக்கொண்டிருந்தார். "சரிடா, சரி" என்றார், தராசை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே.

அடுத்த வெள்ளிக்கிழமை கொழும்புக்கு அனுப்ப வேண்டிய நீண்ட விலைப்பட்டியலைப் பாதி தட்டியிருந்தேன். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் கணினியைத் தூங்கப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கணினி செத்துக் கிடந்தது. பட்டியல் எல்லாம் போய்விட்டது. சுவரில் இருந்த மின்சார ஆளி அணைக்கப்பட்டிருந்தது. எங்கள் ஊரில் கடையைச் சாத்திவிட்டுப் போகிறவர் விளக்கு, காற்றாடி எல்லாவற்றையும் சுவரிலேயே அணைத்துவிட்டுத்தான் போவார். கணினி ஆளியை மட்டும் தொட வேண்டாம் என்று வாப்பாவிடம் நான் கேட்டிருந்தேன். அதுவரைக்கும் அவர் தொட்டதில்லை.

"ஆளிய யாரு ஓஃப் பண்ணின?" என்று கேட்டேன்.

"நான்தான். தூங்கிற மிசினுக்கு எதுக்குக் கரண்ட் எண்டு மருமகன் கேட்டாரு. நியாயமான கேள்விதானே?"

நியாயமான கேள்விதான். அதுதான் என்னைக் கொன்றது. தூங்கும் கணினி பாதி வேலையை நினைவில் பிடித்து வைத்திருக்கும், அதற்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், ஆளியை அணைத்தால் எல்லாம் மறந்துபோகும் என்று விளங்கப்படுத்தினேன். அணைக்க முன் வாப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்லி இத்தனை நாள் கைவைக்காமல் இருந்தவர், மருமகனின் ஒரு கேள்வியில் கைவைத்துவிட்டார். மச்சான் என் முகத்தைப் பார்த்து, "எனக்கு வெளங்கல்ல மச்சான், கோவிச்சிக்காதீங்க" என்றார். மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு அழகாகத் தெரிந்திருந்தது.

வாப்பாவின் கையை ஆளியிலிருந்து இனி எடுக்க முடியாது என்று எனக்கு விளங்கியது. ஆகவே கணினியை வாப்பாவுக்கு ஏற்றபடி மாற்றினேன். சாதாரணத் தூக்கத்துக்குப் பதிலாக, செய்துகொண்டிருந்த வேலை முழுவதையும் வன்தட்டில் எழுதி வைத்துவிட்டு முழுதாக அணைந்துபோகிற ஒரு தூக்கமும் கணினியில் உண்டு. அதற்கு மின்சாரமே தேவையில்லை. முன்னால் இருக்கும் பட்டனை ஒரு தடவை அமத்தினால் அந்தத் தூக்கத்துக்குப் போகும்படி செய்தேன். பெட்டியின் லைட் அணைந்த பிறகு ஆளியை அணைக்கலாம். வந்து மறுபடி அமத்தினால் வேலை விட்ட இடத்திலேயே நிற்கும். அன்று நான் புத்தளத்துக்கு ஓர் அலுவலாகப் போக வேண்டியிருந்தது. பாங்கு சொன்னதும் வாப்பா ஆளியில் கைவைப்பாரே என்ற பயத்தில், அவர் வரும்வரை காத்திருக்க நேரமில்லாமல், மச்சானிடம் விஷயத்தைச் சொல்லி, வாப்பாவுக்கு அதைச் செய்து காட்டச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வேறு வழியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

திரும்பி வந்தபோது வாப்பா சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். கணினியைத் தொட்டே பார்க்காதவர், அஸருக்குப் பாங்கு சொன்னதும் தானே எழும்பிப் பட்டனை அமத்தினார், லைட் அணையும் வரைக்கும் பார்த்து நின்றார், பிறகு ஆளியை அணைத்தார். தொழுதுவிட்டு வந்து மறுபடி அமத்தினார். திரையில் எல்லாம் விட்டபடியே வந்ததும், கடையில் நின்றவரைக் கூப்பிட்டு, "பாருங்க, மருமகன் காட்டித் தந்த" என்றார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதே கதைதான். மச்சான் சில தடவை, "நான் காட்டின மட்டும்தான் மாமா, செஞ்சது மச்சான்" என்று சொன்னார். வாப்பா கையை வீசி அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டார். மச்சானுக்கு அடக்கமும் இருக்கிறது என்று வந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

ஹஜ்ஜுக்குப் புறப்படும் வாரம், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா என்னைக் கூப்பிட்டார். "கடைய நீ பாரு" என்றார். என் காதையே நம்ப முடியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "மருமகன்தான் சொன்னாரு, ஒனக்கிட்டக் குடுக்கச் சொல்லி. அவருக்கு நன்றியா இரி." வாப்பா ஊரில் இல்லாத அந்த நாட்களெல்லாம் நான் அந்தக் கதிரையில் இருந்தேன். விரும்பிய இடம்தான். ஆனால் ஒவ்வொரு காலையும் அதில் உட்காரும்போது, மச்சான் எழும்பி இடம் தந்த கதிரையில் உட்காருவது போலவே இருந்தது. அவர் கேட்டு வாங்கியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

வாப்பா ஹாஜியாராகத் திரும்பி வந்தார். சில வருடங்கள் போயின. அவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்து, ஆஸ்பத்திரியில் வெட்டிக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். மற்றக் கண்ணும் மங்கல்தான். ஒரு பின்னேரம் என் மோட்டார் சைக்கிள் கோளாறாகிவிட, மச்சானுடையதை வாங்கிக்கொண்டு மருந்தோடு வீட்டுக்குப் போனேன். அந்தச் சைக்கிளின் சத்தம் வாப்பாவுக்குப் பழக்கம். நான் அறைக்குள் நுழைந்ததும், "மருமகனா? இரிங்க" என்றார்.

இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"கடைல மகன் இரிக்கானா? சரி, இரிக்கட்டும். அவன் இரிந்தா எனக்குப் பயமில்ல. ஒங்களுக்கிட்ட எத்தினையோ தடவ சொல்லிட்டேன், அண்டைக்கி அந்த மிசினுக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு லொறி வாரவரைக்கும் பாத்துக்கிட்டு இரிந்தானே, நான் சாக்குக்குப் பின்னால நிண்டு பாத்த. அந்தப் பொறும எனக்கே இல்ல. அண்டைக்கே முடிவு எடுத்திட்டேன், கட அவனுக்குத்தான் எண்டு. ஒங்கட பேரச் சொல்லித்தான் குடுத்த. அவனுக்கு மட்டும் சொல்லிராதீங்க மருமகன், தலக்கனம் புடிச்சிரும்."

நான் "ம்" என்றேன். அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மருந்தைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கடைக்குத் திரும்பியதும் மச்சான், "மாமா என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "தேத்தண்ணி கேட்டாரு" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல. நான் ஒரு தடவை, அதுவும் ஆள்மாறிக் கேட்ட பேச்சை இந்த மனிதர் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாரே என்ற எரிச்சல்தான் வந்தது. பாரை மீன் தலைக்கும், "நீங்க"வுக்கும் வந்ததைவிடப் பெரிய எரிச்சல்.

வாப்பா மௌத்தாகி இப்போது சில காலம் ஆகிறது. கடை என்னுடையது. மேசையில் மடிக்கணினி இருக்கிறது. லொறி வந்தால் அது விழிப்பதில்லை. பின்னேரங்களில் மச்சான் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார். வாப்பா அவரிடம் என்னைப் பற்றி வேறு என்னவெல்லாம் சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. எல்லாம் இந்த மனிதரிடம்தான் இருக்கிறது. கேட்டால் சந்தோஷமாகச் சொல்லுவார், ஒன்றையும் மறைக்க மாட்டார். என் வாப்பாவை இவரிடம் கேட்டா நான் வாங்க வேண்டும் என்று தோன்றும்போது, தேத்தண்ணியை அவர் பக்கம் தள்ளிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறேன்.