மலையைப் பார்த்துக் கடலுக்குச் சொன்னேன்

"நம்ம வம்சத்துல கடலைப் பாத்தவங்க யாரு கீறாங்கம்மே? நீ போய்க் கடலுக்கு சேதி சொல்லப் போறியா?"

எனக்கு வேலை கிடைத்த அன்று நைனா கேட்டது இது. நைனா என்றால் என் அப்பா, மாந்தோப்புகளில் கூலிக்குக் காய் பறிக்கிறவர். கேலியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு கடலோர ஊருக்குப் போக வேண்டிய எச்சரிக்கையை நான் வெட்டினேன். அதனால் ஒருவருக்குக் கால் போயிற்று. "நீ சொன்னியா?" என்று கேட்டவளிடம், சொன்னேன் என்று பொய் சொன்னேன். பழி அவள் மேல் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆந்திராவில் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அதில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தவள் நான். கல்லூரியும் முடித்து, திருப்பதியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். கடல் வானிலை அறிக்கை அங்கே ஆங்கிலத்தில் வரும். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், படகு போகலாமா கூடாதா... இதையெல்லாம் நான் ஒரு நிமிடத் தமிழில் பேசிப் பதிவு செய்வேன். எதிர் மேசையில் சரளா அதையே தெலுங்கில் பேசுவாள். காலையில் அது தொலைபேசி அழைப்பாகக் கரையோர ஊர்களுக்குப் போகும்.

சூலூர்ப்பேட்டைக்குக் கிழக்கே, ஏரியைத் தாண்டி, தமிழ் பேசும் மீனவக் குப்பம் ஒன்று. அங்கே அந்த அழைப்பை எடுப்பவள் கன்னியம்மா. போனை ஒலிபெருக்கியின் மைக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பாள். கரை முழுவதும் என் குரல் கேட்கும்.

"பாப்பா, உன் குரல் கேட்டாத்தான் எங்க ஊரு ஆம்பளைங்க பல்லே வெளக்குறாங்க" என்று ஒருமுறை போனில் சிரித்தாள். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

அந்த நாளின் அறிக்கையில் காற்று லேசு, மழை இல்லை என்று இருந்தது. கீழே இன்னொரு வரி: வெகு தெற்கிலிருந்து நெடிய அலைகள் வருகின்றன, மதியம் நீர் ஏறும் நேரத்தில் கரைக்குள் புகக்கூடும், படகுகளை மேட்டில் ஏற்றி வையுங்கள்.

காற்றே இல்லாமல் அலை எப்படி வரும்? எனக்குப் புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வானிலை என்றால் மழைதான். வருமா, வராதா... அதோடு பேச்சு முடிந்தது. திருப்பதியில் மலையை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் துணியே காயப்போடுவார்கள். மேகம் மலையை மூடினால் மழை. மலை பளிச்சென்று தெரிந்தால் பயமில்லை. நானும் ஜன்னல் வழியாகத் திருமலையைப் பார்த்தேன். கழுவி வைத்த பாத்திரம் போல் இருந்தது மலை.

சரளாவிடம் கேட்டிருக்கலாம். கையெட்டும் தூரத்தில் இருந்தாள். ஆனால் அவள் அப்பா ஆசிரியர், தாத்தாவும் ஆசிரியர். கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியாது என்ற சொல்லை எங்கள் வீட்டில் எல்லோரும் வாழ்நாள் முழுவதும் சொல்லியாயிற்று, நான் சொல்ல மாட்டேன் என்றிருந்தேன். இதை என்னவென்று சொல்வீர்கள்? அப்போது நான் அதைத் தன்மானம் என்று நினைத்தேன்.

அந்த வரி தவறி வந்திருக்கும் என்று நானே தீர்ப்பளித்தேன். அதை விட்டுவிட்டு, "வானம் தெளிவாக இருக்கும், கடல் அமைதியாக இருக்கும்" என்று நிறுத்தி நிதானமாக, அழகாகப் பேசினேன். கடல் அமைதியாக இருக்கும் என்று அறிக்கையில் எங்குமே இல்லை. அது மலை எனக்குச் சொன்னது.

எங்கோ தூரத்துப் புயலில் புறப்பட்ட அலை, வெயில் அடிக்கும் கரையிலும் வந்து ஏறுமாம். கள்ளக்கடல் என்பார்களாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்... பிறகு.

மதியம் கடல் மணலைத் தாண்டி ஏறியது. நீரோரத்தில் கிடந்த படகுகள் ஒன்றோடொன்று மோதின. தன் படகை இழுக்க ஓடிய எல்லப்பன் என்பவர் இரண்டு படகுகளுக்கு நடுவே சிக்கினார். முழங்கால் நொறுங்கியது. அவர் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை.

பக்கத்துத் தெலுங்கு ஊர்களில் சரளாவின் குரலைக் கேட்டு, காலையிலேயே படகுகளை மேட்டில் ஏற்றியிருந்தார்கள். அவங்களுக்கு வந்த சேதி நமக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று குப்பத்தில் கேள்வி எழுந்தது. அமைதி என்றது காலைக்குத்தான் இருக்கும், மதியத்துச் சேதி வருமுன் கன்னியம்மா பாதியில் போனை இறக்கியிருப்பாள் என்றார்கள்.

அவள் என்னை அழைத்தாள்.

"பாப்பா, கைவலியோட முழுசா புடிச்சிக்கினுதான் நின்னேன். அலை ஏறும்னு நீ சொன்னியா, சொல்லலியா?"

"சொன்னேன்க்கா. நடுவுல லைன் கட்டாயிருக்கும்."



"அப்ப நான்தான் சரியா கவனிக்கல. படிச்ச பொண்ணு நீ, பொய்யா சொல்லப்போற?"

போனை வைத்ததும் அந்தப் பதிவை அழித்தேன். பிறகு டீ குடிக்கப் போனேன். அதுதான் இன்றுவரை என்னைப் பயமுறுத்துகிறது.

கன்னியம்மா ஊரார் முன்னால் தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாள். மைக்கை அவள் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டார்கள். எல்லப்பன் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றுவது அவள் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. யாரும் சொல்லாமலே.

நான் என்ன செய்தேன்? மறுநாளும் பேசினேன். அதே குரலில்.

சில நாட்களுக்கு முன் மறுபடி அப்படியொரு எச்சரிக்கை வந்தது. இரண்டு முறை திருப்பிச் சொன்னேன். மாலையில் கன்னியம்மாவே அழைத்தாள்.

"இந்த வாட்டி ஒரு படகுக்கும் சேதமில்ல பாப்பா. என் கொழுந்தன் ஒழுங்கா புடிச்சாரு. அன்னிக்கு நான்தான் பாவி..."

நாளைக்குப் பேசுறேன்க்கா என்று போனை வைத்துவிட்டேன். நீங்களாக இருந்தால் அப்போதாவது சொல்லியிருப்பீர்களா?

நேற்று மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சரளா தலை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த ஊருக்கு இதையும் நீயே சொல்லிடு. உன் வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் மேலாளர்.

இன்றைய பதிவில் முதலில் காற்றைச் சொன்னேன். பிறகு அலையைச் சொன்னேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது முதலில் போய்ச் சேர வேண்டும் அல்லவா? அதற்குப் பிறகு என் பெயரைச் சொன்னேன். அன்றைய எச்சரிக்கையை வெட்டியவள் நான், கன்னியம்மா அக்கா போனை முழுசாகப் பிடித்தார், லைன் கட்டானது என்றது பொய்... அழகாகப் பேச வரவில்லை.

இதை எழுதும்போது சூலூர்ப்பேட்டைப் பேருந்து காளஹஸ்தியைத் தாண்டிவிட்டது. சூலூர்ப்பேட்டையில் இறங்கினால் குப்பத்துக்கு ஆட்டோ கிடைக்கும் என்றார்கள். கடலை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்நேரம் அழைப்பு போயிருக்கும். காற்றும் அலையும் முடிந்ததும், கொழுந்தனார் போனை இறக்காமல் கடைசிவரை பிடித்திருக்க வேண்டும்.